நான்கு நாட்களின் விலை

கடந்த கிழமை, ஒரு மாலைப்பொழுதில், எமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் இப்பத்திரிகையின் ஆண்டுச் சந்தாவைச் செலுத்துவதற்காக எம்மிடம் வந்திருந்தார். தபாலகத்திலோ வங்கியிலோ செலுத்தியிருக்கலாம். ஆயினும் நேரில் வந்தார். தேநீர் அருந்தினார். ஊர்ப் புதினங்கள் கேட்டார். புறப்படுவதற்காகக் குளிர்ச்சட்டையை அணிந்துகொண்டவர், மீண்டும் அமர்ந்து, 2020ஆம் ஆண்டிலிருந்து தம் மனத்திற் கிடக்கும் ஒரு விடயத்தைச் சொல்லத் தொடங்கினார்.

அவர் இந்நாட்டுக்கு, சுவிற்சர்லாந்துக்கு, வந்து பதினைந்து ஆண்டுகளாகின்றன. எம்மவரிற் பலரைப் போலவே கோப்பை கழுவுவதிலே தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது குளிருணவு மேசைக்குப் பொறுப்பாக நிற்பவர். பனிக்காலங்களில் மலைப்பகுதி விடுதி ஒன்றிலே வேலை. 2020 மார்ச் மாதத்தின் முதற் கிழமையில் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன. இத்தாலியின் வடபகுதி வைத்தியசாலைகளைப் பற்றிய செய்திகள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சமையற்கூடத் தலைவரிடம் சொன்னார். “சனி, ஞாயிறு முடியட்டும், அறைகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, இப்போதைக்கு ஒருவரிடமும் சொல்லாதே” என்று பதில் வந்தது. அதட்டிச் சொல்லப்பட்டதல்ல அது. தோளிலே கைவைத்துச் சொல்லப்பட்டது. அன்பரின் வதிவிட அனுமதி அவ்வாண்டு கோடையிற் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு வேலை வேண்டும். காய்ச்சற் குளிசை இரண்டை விழுங்கிவிட்டு அவர் வேலைக்கு நின்றார்.

பத்து நாட்கள் கழித்து விடுதி மூடப்பட்டது. அவர் வீடு திரும்பினார். மறு கிழமை அவருடைய மாமியார் நோயுற்றார். பத்தொன்பது நாட்கள் வைத்தியசாலையில் இருந்து உயிர்தப்பி வந்த அந்த அம்மையாரால் அதற்குப் பின்னர் மாடிப்படி ஏற முடிவதில்லை. நோய் மருமகனிடமிருந்துதான் வந்ததா என்பது எவருக்கும் தெரியாது. அந்நாட்களிற் பரிசோதனை எல்லோருக்கும் செய்யப்படவில்லை. அம்மையார் தாமும் கடைக்குப் போனவர், பேரப்பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டு வந்தவர்.

“அண்ணை, நான் அண்டைக்கு வாய் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?” என்று அவர் கேட்டார்.

எம்மிடம் உடனடியாகச் சொல்வதற்குப் பதில் இருக்கவில்லை. ஆனால், அதே மார்ச் மாதத்தில், எமது எல்லைக்கு அப்பால் ஒஸ்திரியாவின் மலைக்கிராமம் ஒன்றில் வாய் திறக்க வேண்டியவர்கள் திறக்கப் பிந்தியமையால் என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கின்றது. விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, வழக்குகளும் நடந்து முடிந்தன. அதனை மீண்டும் எடுத்துப் படித்தோம். எமது வாசகர்களிற் பெரும்பங்கினர் உணவகங்களிலும் விடுதிகளிலும் உழைத்து வாழ்பவர்களாகையால், இக்கிழமைப் பத்தியை அதற்கே ஒதுக்குகின்றோம்.

திரோல் மாநிலத்தில், பாற்ஸ்நவுன் பள்ளத்தாக்கில் இருக்கின்றது இஷ்கிள். நிரந்தரக் குடிகள் ஏறக்குறைய 1,600 பேர். ஆனால் அங்குள்ள படுக்கைகளோ பத்தாயிரத்துக்கும் மேல். ஒரு பனிக்காலத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான இரவுகளுக்கான வாடகை அக்கிராமத்துக்கு வரும். பகலிற் பனிச்சறுக்கல்; பிற்பகல் மூன்று மணியானதும் சறுக்குச் சப்பாத்துகளுடனேயே மதுச்சாலைகளுக்குள் நுழைந்து நெருக்கியடித்து நின்று பாடுதல், ஆடுதல், குடித்தல். இதனை ‘அப்ரே ஸ்கி’ என்கிறார்கள். இவ்விரண்டாவது பகுதிக்காகவே இஷ்கிளுக்கு வருபவர் பலர். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் இஷ்கிளுக்கு வரவழைக்கப்படுவார்கள். நாம் இதனை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் மாடும் புல்லும் தவிர வேறேதும் இல்லாதிருந்த பள்ளத்தாக்கு அது. ஏழைக் கிராமம் ஒன்று பனியை விற்றுப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. அதிலே குற்றம் காண எமக்கு என்ன உரிமை?

2020 பெப்ரவரி 29ஆம் நாள், மூனிச்சிலிருந்து ஐஸ்லாந்துக்குத் திரும்பிய பயணிகளிற் சிலர் தொற்றுடன் இறங்கினார்கள். இஷ்கிளில் விடுமுறை கழித்தவர்கள். ஐஸ்லாந்து அரசு சிறிய அரசாயினும் கணக்குப் பார்ப்பதில் விழிப்பானது. மார்ச் 5ஆம் நாள் இஷ்கிளை ஆபத்துப் பிரதேசம் என்று அறிவித்தது. திரோல் மாநிலச் சுகாதார அதிகாரிகள் அன்றே கொடுத்த விளக்கம் வேறு: அப்பயணிகளுக்கு விமானத்திலேதான் தொற்றியிருக்க வேண்டும், இத்தாலியிலிருந்து வந்த வேறொரு பயணியிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். மார்ச் 7ஆம் நாள், கிராமத்தின் பெயர்பெற்ற மதுச்சாலை ஒன்றிலே மது பரிமாறிய ஊழியருக்குத் தொற்று உறுதியானது. மறுநாள் வந்த அறிக்கை, அவரிடமிருந்து விருந்தினருக்குத் தொற்றியிருப்பது மருத்துவ நோக்கில் அவ்வளவாகச் சாத்தியமில்லை என்று கூறியது.

சாளரங்கள் மூடிய, நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் நின்று தொண்டை கிழியப் பாடுகின்ற அறை. இசையின் ஓசைக்கு மேலாகப் பேசுவதற்காக ஒருவர் காதுக்கு மற்றவர் வாயைக் கொண்டு செல்லும் இடம். உரக்கப் பேசும்போதும் பாடும்போதும் மூச்சிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் பெருகும் என்பதும், காற்றோட்டமற்ற அறையில் அவை தங்கி நிற்கும் என்பதும், அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும் என்பதும் இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிந்தவை. அன்று எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், தெரியாத ஒன்றைப் பற்றித் ‘தெரியாது’ என்று சொல்வதற்கும் ‘சாத்தியமில்லை’ என்று சொல்வதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

மார்ச் 9ஆம் நாள் அந்த ஒரு மதுச்சாலை மூடப்பட்டது. 10ஆம் நாள் ஏனைய மதுச்சாலைகளும் மூடப்பட்டன. ஆனால் சறுக்கல் தொடர்ந்தது. கம்பிவட வண்டிகளும் நிறைந்த பேருந்துகளும் தொடர்ந்து ஓடின. 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை பிற்பகல், அன்றைய பிரதமர் செபஸ்தியான் குர்ஸ் தொலைக்காட்சியில் தோன்றிப் பள்ளத்தாக்கு முழுவதும் உடனடியாகத் தனிமைப்படுத்தப்படுகின்றது என்று அறிவித்தார். வெளிநாட்டவர் வெளியேறலாம் என்றும் சொல்லப்பட்டது. எப்படி வெளியேறுவது, யார் பதிவு செய்வது, வழியில் எங்கே தங்குவது என்பவற்றுக்கெல்லாம் ஆயத்தம் இருக்கவில்லை. சறுக்குச் சப்பாத்துடனேயே வண்டியேறியவர்கள், பொதிகளை அறையிலேயே விட்டுச் சென்றவர்கள் என்று அன்றைய காட்சிகளைப் பலர் பின்னர் விபரித்தார்கள். ஒரே பள்ளத்தாக்கு வீதியில் வாகனங்கள் மணிக்கணக்காக நின்றன. அவ்வாகனங்களுக்குள் இருந்தவர்கள் ஜேர்மனிக்கும், டென்மார்க்குக்கும், நோர்வேக்கும், பிரித்தானியாவுக்கும், எமது சுவிற்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நோர்வேயின் முதல் நோயாளர்களிற் பெரும் பங்கினர் ஒஸ்திரியாவிலிருந்து திரும்பியவர்களே என்பதை அங்குள்ள எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பின்னர், வியன்னாவில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சங்கம் ஒன்றிலே 45 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோர் தம்மைப் பாதிக்கப்பட்டவர்களாகப் பதிவு செய்தனர். ஏப்ரல் மாத இறுதியில் இன்ஸ்புறுக் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் கிராமத்தவர் 1,473 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 42.4 வீதமானோரில் நோயெதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. அவர்களிற் பெரும்பாலானோருக்கு முன்னர் தொற்று உறுதிப்படுத்தப்பட்டிருக்கவில்லை.

உச்சநீதிமன்றத்தின் முன்னாள் உபதலைவர் றொனால்ட் றோரர் தலைமையிலான ஆணைக்குழு 2020 ஒக்டோபரில் அறிக்கையை வெளியிட்டது. மார்ச் 9ஆம் நாளே சறுக்கலையும் கம்பிவட வண்டிகளையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று அது கண்டது. பிரதமரின் அறிவிப்பு ஆயத்தமின்றி வந்து குழப்பத்தை விளைவித்தது என்றும் கூறியது. ஆக, 9ஆம் நாளுக்கும் 13ஆம் நாளுக்கும் இடையில் நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்களின் வருமானத்தை ஒரு தட்டிலே வைப்போம். மறு தட்டிலே எதனை வைப்பது? நோயையும் மரணத்தையும் வைக்க வேண்டும். அவை பணத்தோடு நிறுக்கப்படக் கூடியவை அல்ல என்று ஒருவர் வாதாடினால், சரி, பணத்தை மட்டுமே வைத்துப் பார்ப்போம். மே மாத ஆரம்பம் வரை நடந்திருக்க வேண்டிய பருவம் மார்ச் நடுப்பகுதியிலேயே முடிந்தது. பள்ளத்தாக்கு ஏப்ரல் இருபதுகள் வரை பூட்டப்பட்டிருந்தது. அடுத்த பனிக்காலத்தில், 2020-21இல், இஷ்கிளின் கம்பிவட வண்டிகள் ஓடவே இல்லை. சுற்றுலாவைக் காப்பதற்காகச் சுகாதாரத்தைச் சற்றே பின்தள்ளினார்கள் என்று சொல்வது வழக்கம். அவர்கள் சுற்றுலாவையும் காக்கவில்லை.

அறிக்கையில் எம்மை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி வேறொன்று. சுற்றுலா முதலாளிகள் அதிகாரிகளுக்கு அழுத்தம் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று தமக்குக் கிடைக்கவில்லை என்று ஆணைக்குழு கூறியது. இதனைப் படித்துப் பலர் சினந்தார்கள், மூடிமறைப்பு என்றார்கள். நாம் அதனை நம்புகின்றோம். நம்புவதனாலேயே அஞ்சுகின்றோம். எல்லோருடைய சோறும் ஒரே பானையிலிருந்து வரும் ஊரில், அழுத்தம் கொடுப்பதற்குத் தனியே ஓர் ஆள் வேண்டியதில்லை. மாவட்ட அதிகாரியின் மைத்துனர் விடுதி வைத்திருப்பார். வைத்தியரின் நோயாளர்கள் விருந்தினர்கள். கிராமத் தலைவரின் அயலவர் மதுச்சாலை நடத்துவார். ஒவ்வொருவரும் தாமாகவே, ஒருவரும் கேளாமலே, ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று எண்ணுவார்கள். எமது அன்பரின் சமையற்கூடத் தலைவருக்கும் மேலிடத்திலிருந்து கட்டளை வந்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அறைகள் நிறைந்திருந்தன, அது போதும்.

வழக்குகளின் முடிவையும் சொல்லிவிடுகின்றோம். இன்ஸ்புறுக் அரச வழக்கறிஞர்கள் ஐவர் மீதான குற்றவியல் விசாரணையை 2021 நவம்பரிற் கைவிட்டார்கள். வியன்னாவில் நட்டஈட்டு வழக்குகள் நடந்தன. முதலாவதைத் தொடுத்தவர்கள், நோயினால் உயிரிழந்த 72 வயதான பத்திரிகையாளர் ஒருவரின் மனைவியும் மகனும். தொற்றுநோய்ச் சட்டம் பொதுமக்களைப் பொதுவாகக் காப்பதற்காக இயற்றப்பட்டது, தனியொருவருக்கு அரசிடம் நட்டஈடு கேட்கும் உரிமையை அது தரவில்லை என்பது உச்சநீதிமன்றம் 2023இல் எடுத்த நிலைப்பாடு. சட்டம் அவ்வாறிருக்கலாம். சட்டம் படித்தவர்களுடன் வாதாட எமக்குத் தகைமை இல்லை.

இதனைப் புதிய காலத்தின் புதிய நோய் என்று கருதுபவர்கள், 1892இல் ஹம்பேர்க் நகரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அகதிகளாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. ஹம்பேர்க் வர்த்தகரின் நகரம். நகரசபையை ஆண்டவர்களும் வர்த்தகர்களே. ஓகஸ்ட் மாதத்தில் வாந்திபேதி தோன்றியபோது அதனை வெளியே சொன்னால் துறைமுகம் முடங்கும் என்பதால் அறிவிப்புப் பிந்தியது. கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே நகரத்தவர் குடித்து வந்தனர். வடிகட்டும் நிலையத்துக்கான செலவு ஆண்டாண்டாகப் பேச்சிலேயே கழிந்தது. வீதியொன்றுக்கு அப்பால் இருந்த அல்ரோனா நகரம் மணலினால் வடிகட்டிய நீரைக் குடித்தது. அங்கே பேரிழப்பு இல்லை. ஹம்பேர்க்கில் ஆறு கிழமைகளுக்குள் 8,600 பேரளவில் மாண்டனர். அவர்களில் வறியவர்களே மிகுதி. அப்போது பழி யார் மீது விழுந்தது? ருசியப் பேரரசின் கொடுமைகளுக்கு அஞ்சி, அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதற்காகத் துறைமுகக் கொட்டகைகளிற் காத்திருந்த யூத அகதிகள் மீது. நோயைக் கொண்டுவந்தவர்கள் அவர்களே என்று சொல்லப்பட்டது. நகரத்தைக் கொன்றது நகரத்தின் குடிநீர்க் குழாய். அதனைப் போடாமல் விட்டவர்களின் பெயரை அன்று எவரும் உரக்கச் சொல்லவில்லை.

எமது நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 17 முதல் மே 11 வரை உணவகங்கள் பூட்டப்பட்டன. 2020 டிசம்பர் 22இல் மீண்டும் பூட்டி, வெளிமுற்றங்களை 2021 ஏப்ரல் 19இலும் உள்ளறைகளை மே 31இலும் திறந்தார்கள். அயல்நாடுகளான ஜேர்மனியும் பிரான்சும் இத்தாலியும் 2020 நத்தார் நாட்களிற் கம்பிவட வண்டிகளை நிறுத்தியபோது சுவிற்சர்லாந்து மலைகளைத் திறந்தே வைத்திருந்தது. அப்போது நாமும் முகஞ்சுளித்தோம். இன்று நடுநிலையாக நோக்கினால், இஷ்கிள் போன்ற பேரழிவு இங்கே நிகழவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முகக்கவசம் அணிந்து வண்டியேறி, வெட்டவெளியிற் சறுக்கி, வீடு திரும்புவதால் நோய் பெருகுவதில்லை. பூட்ட வேண்டியிருந்தவை மதுச்சாலைகளே. பெரும்பாலும் அவை பூட்டப்பட்டே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இரு பக்கங்களிலும் இருந்தார்கள். அவர்களாலே காரியம் கெட்டது. அதற்காக இங்கு தீங்கே நேரவில்லை என்பதுமில்லை. வெங்கன் கிராமத்தில் 2021 ஜனவரியில் நடக்கவிருந்த உலகப் புகழ்பெற்ற லவ்பர்ஹோர்ன் சறுக்கற் போட்டி கைவிடப்பட்டது. பிரித்தானியாவிலிருந்து வந்த ஒரேயொரு பயணியிடமிருந்து இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியமை தடம்பிடிக்கப்பட்டிருந்தது.

இரவு விடுதிகளின் கதை வேறு விதமானது. 2020 ஜூன் 6இல் அவற்றைத் திறக்க அனுமதித்தார்கள். வருபவர்கள் பெயரும் முகவரியும் கொடுத்தாற் போதும் என்பது ஏற்பாடு. அம்மாத இறுதியில் சூரிச் நகரத்து விடுதி ஒன்றிலே நோய் பரவி, 300 பேரளவில் தனிமைப்படுத்தப்பட வேண்டியதாயிற்று. பட்டியலை எடுத்துப் பார்த்தால், கொடுக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளில் மூன்றிலொரு பங்கு பொய்! இளைஞர்களின் பொறுப்பின்மை என்று பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு மே மாதத்தில், தென்கொரியாவின் தலைநகரான சியோலில், இதேவொன் பகுதி இரவு விடுதிகளில் நோய் பரவியது. அங்கே போனவர்களிற் பலர், தாம் போனது வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் தெரியவந்தால் வாழ்வே கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள். ஏனெனில் அவற்றிற் சில ஒருபாலுறவினர் கூடும் விடுதிகள். அவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கப் புறப்பட்டிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார். நகரசபை பெயர் கேளாது பரிசோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தொலைபேசி இலக்கம் மட்டும் போதும் என்றார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர்.

இவ்விரு நகரங்களையும் நாம் அருகருகே வைத்துப் பார்த்தபோது எமது அன்பரின் முகமே நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் அனுமதி போகும் என்று ஒருவன் எண்ணும்போது, அவனிடம் உண்மையை எதிர்பார்க்கும் சுகாதாரத் திட்டம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். இந்நாட்டில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டத்தின்படி, சமூக உதவிப் பணத்தில் வாழ்பவரின் வதிவிட உரிமையைக் குறைக்கவோ நீக்கவோ முடியும். எம்மவர் மத்தியில் ‘சோசியல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நடுக்கம். ஜெனீவாவில், 2020 வசந்தகாலத்துச் சனிக்கிழமைகளில், உணவுப் பொதிக்காக ஒரு கிலோமீற்றரையும் தாண்டி வரிசை நின்றது. ஆயிரக்கணக்கானோர். அவர்களிற் பெரும்பாலானோர், பத்திரமின்றி அந்நகரத்து வீடுகளையும் விடுதி அறைகளையும் துப்பரவு செய்தவர்கள். உலகின் செல்வம் மிக்க நகரங்களில் ஒன்றிலே அந்த வரிசையைக் கண்டு பலர் வியந்தார்கள். எமது வாசகர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

2021 நவம்பர் 28இல் கொவிட் சட்டத்தின் மீது இந்நாட்டு மக்கள் வாக்களித்தார்கள். 62 வீதமானோர் ஆம் என்றார்கள். இவ்வாறான சட்டத்தை மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்டமை பெருமைக்குரியது, ஐயமில்லை. ஆனால் உணவகங்களின் பின்கதவால் நுழைந்து பின்கதவால் வெளியேறுபவர்களிற் பெரும்பகுதியினருக்கு அந்த வாக்குச்சீட்டு வரவில்லை.

பிறரைச் சொல்லிவிட்டு எம்மைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 2020 பெப்ரவரி 28ஆம் நாள், ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் கூடும் நிகழ்ச்சிகளுக்கு சுவிஸ் அரசு தடைவிதித்தது. மறு கிழமை நடக்கவிருந்த எம்மவரின் இசைமாலை ஒன்றுக்கு இப்பத்திரிகை அரைப்பக்க விளம்பரம் பெற்றிருந்தது. அமைப்பாளர்களிடம் கேட்டோம். “மண்டபத்தில் அறுநூறு கதிரைகள்தான், சட்டம் எங்களுக்கில்லை” என்றார்கள். பாடகர்களுக்கு முற்பணம், மண்டபத்துக்கு முற்பணம், நுழைவுச்சீட்டுகள் விற்று முடிந்துவிட்டன. அறுநூறு பேருக்கு நோய் கணக்குப் பார்த்து ஒதுங்கி நிற்காது என்பது எமக்குத் தெரிந்திருந்தது. விளம்பரத்தை வெளியிட்டோம். அம்மாத அச்சுக்கூலிக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அங்கே எவருக்கும் தொற்றியதாக நாம் பின்னர் கேள்விப்படவில்லை. கேள்விப்படும்படி நாம் விசாரிக்கவும் இல்லை. இஷ்கிளின் அதிகாரிகளைப் பற்றி எழுதும்போது எமது பேனா சற்றே தயங்கியதென்றால், காரணம் இதுதான்.

மண்டபங்களிலே நடக்கும் எமது பூப்புனித நீராட்டு விழாக்களும் திருமணங்களும், ஆவணி மாதத்தில் நல்லூர்க் கந்தனின் திருவிழாவுக்காகப் பறப்பதும், பாட்டுக் கச்சேரிகளும் எமக்குரிய சுற்றுலாவும் இரவு வாழ்க்கையும் தாமே. அவற்றை நம்பியும் குடும்பங்கள் வாழ்கின்றன: சோடனைக்காரர், படப்பிடிப்பாளர், பலகாரம் செய்து கொடுக்கும் அம்மாமார், மேளகாரர். அடுத்த நோய் வரும்போது, வெள்ளைக்காரனின் மதுச்சாலையைப் பூட்டு என்று உரக்கச் சொல்வது எளிது. மகளின் விழாவுக்கு அச்சடித்த ஐந்நூறு அழைப்பிதழ்களைக் கிழிப்பது யார்?

எமது அன்பரிடம் மீண்டும் வருவோம். அவருடைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துவரும்படி கேட்டிருந்தோம். மூன்று நாட்களின் பின்னர் கொண்டுவந்தார். ஜேர்மன் மொழியில் நான்கு பக்கங்கள். கையொப்பமிட்ட பின்னர் அவர் அதனைப் பிரித்ததே இல்லை. இத்தொழிலுக்கான நாடளாவிய கூட்டு ஒப்பந்தம் தமக்குப் பொருந்தும் என்று அதிலே ஒரு வரி இருந்தது. அக்கூட்டு ஒப்பந்தத்தின்படி, நோயுற்ற ஊழியருக்கு முதலாளி நாட்கூலிக் காப்புறுதி செய்திருக்க வேண்டும். வைத்தியரின் சான்றிதழ் இருந்தால் சம்பளத்தின் 80 வீதமாவது கிடைக்கும். அது காப்புறுதிப் பணம். சமூக உதவிப் பணமன்று. ‘சோசியல்’ என்று எவரும் அதனைக் கணக்கெடுக்க முடியாது. பருவகால வேலையாளருக்கும் அதுவே முறை. வாசகர்கள் தத்தம் ஒப்பந்தங்களை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். மொழி விளங்காதவிடத்து, புதன்கிழமை மாலைகளில் எமது அலுவலகத்திற்குக் கொண்டுவரலாம்.

அந்த வரியை நாம் தமிழிற் சொன்னபோது அவர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இது அண்டைக்கும் இருந்ததோ?” என்று கேட்டார்.

இருந்தது என்றோம்.

கரிக்கோலை வாங்கி, அவ்வரியின் கீழே தாமே ஒரு கோடிட்டார். இந்தப் பனிக்காலமும் அதே விடுதிக்குத்தான் போகிறார்; மார்கழி நடுவில் அறைகள் நிறையுமாம். போகுமுன்னர், மாமியாருக்காகக் கீழ்மாடியில் ஒரு வீடு தேடுவதாகவும், தற்போதைய வீடு மூன்றாம் மாடியில் மின்தூக்கி இல்லாதது என்றும், எமது பத்திரிகையில் ஓர் ‘வீடு தேவை’ விளம்பரம் போட முடியுமா என்றும் கேட்டார். அது இவ்விதழின் பன்னிரண்டாம் பக்கத்தில் வெளிவருகின்றது. கட்டணம் பெறவில்லை.